இடமில்லை... ரைட், போலாம்!

காலை எட்டே முக்கால் மணி டவுன் பஸ்ஸில் ஒரு விநோதத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கால் ஃபுட்போர்டில், இன்னொரு கால் காற்றில் என்று தொங்குகிற ஆசாமி, "ஸார்... ஸார்... கொஞ்சம் உள்ளே நகருங்க ஸார்! அவ்வளவு இடம் இருக்கே!" என்று கெஞ்சுவார். யாரோ மனமிரங்கி நகர்வார்கள். ஏறிவிடுவார். இரண்டு காலையும் உள்ளே ஊன்றிய அடுத்த விநாடி, அதே ஆசாமி கண்டக்டருக்குப் பதிலாகக் குரல் கொடுப்பார்: "எடமில்லப்பா, அடுத்த வண்டில வா... ரைட், போலாம்!"

சிரிக்காதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். பஸ்ஸில் மட்டுமல்ல, ஆபீஸிலும்.

இது எனக்கு உறைத்தது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில். உபயம்: என் அப்பெண்டிக்ஸ்.

வெட்டி எடுத்துவிட்டாலும் உடம்பின் வேலை எதுவும் நின்றுவிடாத உறுப்பு அது என்று டாக்டர் விளக்கியபோது, எங்கள் ஆபீஸில் இரண்டு மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். (அவர்களை வெட்டி எடுக்க முடியாது. யூனியன் இருக்கிறது.) ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் வாசம். ஹார்லிக்ஸ், ஆப்பிள் சகிதம் வந்து பார்த்தவர்களில் எங்கள் ஆபீஸ் அஸிஸ்டென்ட் பையனும் ஒருவன். பி.காம். படித்துவிட்டு ஃபைல் தூக்குகிறவன். கட்டில் ஓரமாக நின்றுகொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஸார்... டிபார்ட்மெண்ட் எக்ஸாம் எழுதலாம்னு இருக்கேன். உங்ககிட்ட பழைய கொஸ்டின் பேப்பர் எல்லாம் இருக்குன்னாங்க..."

"எங்க வெச்சேன்னே தெரியலைப்பா. தேடிப் பார்க்கறேன்" என்றேன்.

பச்சைப் பொய். என் மேஜையில் இரண்டாவது டிராயரில், பச்சை நாடா கட்டி, வருஷ வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். எனக்கு அதைக் கொடுத்தவர் ஒரு ஸீனியர். ரிடையராகிற அன்று, மாலையும் கழுத்துமாக, "வெச்சுக்கய்யா, உபயோகப்படும்" என்று தந்துவிட்டுப் போனார். நான் ஏறிவிட்டேன். ரைட், போலாம்!

*

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நைட் டூட்டி சிஸ்டர் பி.பி. பார்க்க வந்தார். நாகர்கோவில் பக்கம். இன்னும் மூன்று மாதத்தில் ரிடையர்மெண்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் டூட்டி முடிந்தால் தூங்கப் போகாமல் நேரே சர்ச்சுக்குப் போகிற ரகம். வார்டில் எல்லோரும் அவருக்கு 'தம்பி', எண்பது வயசுத் தாத்தா உட்பட.

"என்ன தம்பி, பிரஷர் ஏறியிருக்கு? என்ன யோசனை?"

மனசாட்சி குத்துகிறது என்றா சொல்ல முடியும்? சம்பந்தமில்லாமல் என் சொந்த சோகத்தை எடுத்துவிட்டேன்.

"ஏழு வருஷமா ஒரே ஸீட்டு சிஸ்டர். எனக்கப்புறம் வந்தவனெல்லாம் மேல போயிட்டான். பிரமோஷனே இல்லை."

"ஏழு வருஷமா? ஸீட்டுல உட்கார்ந்துக்கிட்டா?"

"ஆமா."

"உட்கார்ந்துக்கிட்டே ஏழு வருஷம்!" என்றார் சிஸ்டர், பெரிதாக ஆச்சரியப்பட்டு. பிறகு ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "எங்களுக்கு நர்ஸிங் ஹிஸ்டரியில ஒரு அம்மா வருவாங்க தம்பி. மேரி மஹோனின்னு பேரு. அமெரிக்காவுல முறையா படிச்சு டிப்ளமா வாங்கின முதல் கறுப்பின நர்ஸ். எந்த ஆஸ்பத்திரியில படிச்சாங்களோ, அதே ஆஸ்பத்திரியில அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் சமையல் பண்ணி, துணி துவைச்சு, தரை துடைச்சாங்க. கையைக் காட்டுங்க."

காட்டினேன். குத்தினார். ஊசி அப்படியொன்றும் வலிக்கவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகி வந்து மெடிக்கல் லீவில் படுத்திருந்த நாட்களில், அந்த அம்மாளைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

*

மேரி எலைஸா மஹோனி பிறந்தது 1845-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதியில். அப்பாவும் அம்மாவும் வட கரோலினாவில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று, வடக்கே வந்தவர்கள். பாஸ்டன் இருக்கிற மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் அடிமைமுறை எப்போதோ ஒழிந்துவிட்டது. ஆனால் அடிமை இல்லை என்பதற்கும் சமம் என்பதற்கும் நடுவில் நிறைய மைல் இருக்கிறது, இல்லையா? கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம். அந்தப் பிரிவினையைத் தடை செய்து சட்டம் வந்ததே 1855-ல்தான். அப்போது மேரிக்குப் பத்து வயசு. கலப்புப் பள்ளியாக மாறிய ஃபிலிப்ஸ் பள்ளியில் சேர்ந்து படித்தாள்.

நர்ஸாக வேண்டும் என்கிற ஆசை பதினெட்டு வயசு வாக்கில் வந்துவிட்டது. ஆனால் படிக்க இடம்? அவளுக்கென்ன, யாருக்குமே கிடையாது. அன்றைய அமெரிக்காவில் நர்ஸ் என்பது படித்து வருகிற உத்தியோகமே இல்லை. வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி என்பது நாதியில்லாதவர்கள் போகிற இடம். அங்கே நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வேலை, வேறு வேலை கிடைக்காதவர்களின் வேலை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் நர்ஸிங் பள்ளி திறந்தது 1860-ல். அந்தக் காற்று அமெரிக்கா பக்கம் வீசுவதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

இந்தச் சமயத்தில் பாஸ்டனில் ஓர் அதிசயமான ஆஸ்பத்திரி முளைத்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து ஆஸ்பத்திரி. ஆரம்பித்த வருஷம் 1862. ஆரம்பித்தவர் பெர்லினிலிருந்து வந்த பெண் டாக்டர், மேரி ஸாக்ரெஸ்கா. (பெயரை உச்சரிப்பதில் உங்களுக்கு மட்டும் கஷ்டமில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களே 'டாக்டர் ஸாக்' என்று சுருக்கிக்கொண்டார்கள்.) பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்கவேண்டும், படித்த பெண் டாக்டர்களை மற்ற ஆஸ்பத்திரிகள் உள்ளேயே விடுவதில்லை என்பதால் அவர்கள் தொழில் பழக ஓர் இடம் வேண்டும், நர்ஸுகளைப் பழக்கவேண்டும் என்று மூன்று லட்சியங்கள்.

ஆம்பளைகள் கதவைச் சாத்தியதால், தனக்கென்று ஒரு கதவு கட்டிக்கொண்ட இடம். அந்தக் கதவு வழியாக மேரி மஹோனி உள்ளே போனாள். கையில் துடைப்பத்தோடு.

சமையல், சலவை, தரை துடைப்பது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஆயாம்மா வேலை. கிட்டத்தட்ட பதினைந்து வருஷம்! நடு நடுவே நர்ஸுகளுக்கு ஒத்தாசை.

ஒரு நிமிஷம் இதை யோசித்துப் பாருங்கள். அந்த ஆஸ்பத்திரியில் 1872-ல் முறையான நர்ஸிங் பள்ளி தொடங்குகிறது. அடுத்த வருஷமே லிண்டா ரிச்சர்ட்ஸ் என்கிற பெண் படித்து முடித்து, 'அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற நர்ஸ்' என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறார். மேரி அதே கட்டடத்தில் இருக்கிறாள். மற்றவர்கள் படிக்க வருவதையும் டிப்ளமாவோடு போவதையும் பார்த்துக்கொண்டு. நமக்கு ஒரு ஜூனியர் பிரமோஷனில் போனாலே பி.பி. ஏறுகிறது.

*

1878-ல் அவளுக்கு இடம் கிடைத்தது. வயசு 33.

அரசாங்கப் பரீட்சை எழுதுகிற நண்பர்களுக்கு 'வயது வரம்பு' என்ற வார்த்தையைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும். அந்தப் பள்ளியின் வயது வரம்பு 21 முதல் 31 வரை. இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷமாக அவள் கை சுத்தத்தையும் பொறுமையையும் பார்த்தவர்கள்தானே!

சேர்ந்தால் மட்டும் போதுமா? பதினாறு மாதப் படிப்பு. காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதரை வரை. பதினாறு மணி நேரம்! பொது வார்டு, ஆபரேஷன் வார்டு, பிரசவ வார்டு என்று பன்னிரண்டு மாதம். அது முடிந்து நோயாளிகளின் வீடுகளில் தங்கி நாலு மாதம். நடுவே டாக்டர்களின் லெக்சர்.

படிப்பில் ஒரு வேடிக்கை. பள்ளியின் முதல் மாணவியான லிண்டா ரிச்சர்ட்ஸ் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். மருந்துகளின் பெயர் நர்ஸுகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். பாட்டில்களில் லேபிள் இருக்காது, வெறும் நம்பர்தான். 'மூணாம் நம்பரில் ஒரு ஸ்பூன் கொடு' என்றால் கொடுக்கவேண்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. (டாக்டர்களின் கையெழுத்து அப்போதே புரியாமல் இருந்திருந்தால் இந்த நம்பர் ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது.)

மேரி உருவத்தில் சின்னவர். ஐந்தடி உயரம்கூடச் சரியாக இருக்காது. எடை நூறு பவுண்டுக்குள், அதாவது 45 கிலோவுக்கும் கீழே. அந்த உடம்பை வைத்துக்கொண்டு நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டி, துணி மாற்றி... அந்த வருஷம் படிக்க மனுப்போட்டவர்கள் நாற்பதுக்கும் மேலே. கடைசிவரை தாக்குப்பிடித்து டிப்ளமா வாங்கியவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். அதில் ஒருவர், 1879 ஆகஸ்டில், மேரி மஹோனி.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அவருக்கு முன்னாலும் கறுப்பினப் பெண்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஹாரியட் டப்மன் பணிவிடை செய்திருக்கிறார். அவர்களிடம் திறமை இருந்தது. ஆனால் காகிதம் இல்லை. ஆபீஸ்காரர்களுக்குக் காகிதத்தின் மகிமையைத் தனியே விளக்க வேண்டாம். "இவளுக்கு என்ன தெரியும்?" என்கிறவன் மூஞ்சிக்கு நேரே நீட்ட ஒரு காகிதம் வேண்டும். மேரி வாங்கியது அதை.

*

டிப்ளமா கையில் வந்ததும் ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் பலே கில்லாடிகள். வார்டு வேலை முழுக்க மாணவிகளை வைத்தே முடித்துவிடுவார்கள். வாரத்துக்குச் சில டாலர் கொடுத்தால் போதும். படிப்பு முடிந்ததா? போய் வா அம்மா, அடுத்த பேட்ச் தயார். (இன்று இதற்கு 'இன்டர்ன்ஷிப்' என்று பெயர்.) படித்து முடித்த நர்ஸுகளில் பெரும்பாலோர் வசதியானவர்களின் வீடுகளுக்குப் போய், தங்கி, நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேரியும் அப்படித்தான். முப்பது வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பணக்காரக் குடும்பங்களில் வேலை. அவர் வேலை நேர்த்தியின் புகழ் பாஸ்டனைத் தாண்டிப் பரவியது. நியூ ஜெர்ஸி, வாஷிங்டன், தன் பெற்றோர் அடிமையாக இருந்த அதே வட கரோலினா என்று தூரத்திலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. அந்த வீடுகளில் நர்ஸ் என்பவளை எங்கே உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது? எஜமானர்களோடு உட்காரமுடியாது. வேலைக்காரர்களோடு உட்காரச் சொல்வார்கள். கறுப்பினப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் அசந்தால், 'அப்படியே அந்தத் துணியையும் துவைச்சுப் போட்டுடு' என்று ஆரம்பித்துவிடுவார்கள். மேரி சண்டை போடவில்லை. சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவுதான்.

வேலைக்காரர்கள் மட்டம் என்று அவர் நினைத்ததாகத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பதினைந்து வருஷம் அந்த வேலையைச் செய்தவர் அவர். சலவைத்தொட்டி அவருக்குப் புதிதல்ல. ஆனால் நர்ஸிங் என்பது ஒரு தொழில், படித்து வந்த தொழில் என்பதை அந்த வீட்டுக்குப் புரியவைக்க அவரிடம் இருந்த ஒரே ஆயுதம், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது. அதைப் பிரயோகித்தார். ஒருநாள் இரண்டு நாள் தனியாகச் சாப்பிடலாம். வருஷக்கணக்கில்? தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சோறு எப்படி இறங்கும் என்று.

*

இத்தனை வைராக்கியம் எங்கிருந்து வந்தது? பதிலின் ஒரு பகுதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கிறது.

மேரி பாஸ்டனின் பீப்பிள்ஸ் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். தீவிர பக்தை. அந்தச் சபைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1800 வாக்கில் பாஸ்டன் சர்ச்சுகளில் கறுப்பினத்தார் ஜெபிக்க வரலாம். ஆனால் உட்காரும் இடம் மாடியில், ஒதுக்குப்புறமாக. கடவுளுக்கு எதிரே எல்லோரும் சமம், ஆனால் நீ மட்டும் கொஞ்சம் மேலே போய்ச் சமமாக இரு! பொறுத்துப் பார்த்தவர்கள் 1805-ல் தங்களுக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார்கள். 1806-ல் ஆஃப்ரிகன் மீட்டிங் ஹவுஸ் என்று ஒரு கட்டடமே எழுப்பினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது அங்கே. 1832-ல் அடிமைமுறைக்கு எதிரான நியூ இங்கிலாந்து சங்கம் பிறந்தது அங்கே. பிற்பாடு அந்தக் கட்டடத்தை விட்டு இடம் மாறிய சபையினர்தான் பீப்பிள்ஸ் பாப்டிஸ்ட் சர்ச் ஆனார்கள்.

ஆக, அந்த ஜனங்களுக்கு சர்ச் என்பது சாமி கும்பிடுகிற இடம் மட்டுமல்ல. பள்ளிக்கூடம், சங்கம், மீட்டிங் ஹால் எல்லாம் அதுதான். கதவைச் சாத்தினால் அழுதுகொண்டு நிற்காதே, நாலு பேர் சேர்ந்து வேறு கதவு வை என்பதைச் செய்து காட்டிய இடம். அந்தப் பாடம் மேரிக்கு அறுபது வயசுக்கு மேல் உபயோகப்பட்டது.

1896-ல் அமெரிக்க நர்ஸுகளுக்கு ஒரு சங்கம் ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் அமெரிக்கன் நர்ஸஸ் அசோஸியேஷன் என்று பெயர் மாறிய சங்கம். ஆரம்ப நாளிலேயே மேரி அதில் மெம்பர். அங்கே இருந்த மிகச் சில கறுப்பின முகங்களில் ஒன்று. அதாவது பஸ்ஸில் ஏறிவிட்டார். ஸீட்டும் கிடைத்துவிட்டது. சும்மா ஜன்னல் ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பின்னால் படித்து வந்த கறுப்பினப் பெண்களுக்குப் படிக்க இடம் இல்லை, படித்தால் வேலை இல்லை, வேலை கிடைத்தால் சங்கத்தில் இடம் இல்லை.

மார்த்தா ஃப்ராங்ளின் என்று ஒரு நர்ஸ். தன் வகுப்பிலேயே ஒரே கறுப்பின மாணவியாகப் படித்து வந்தவர். நாடு முழுக்க இருக்கிற கறுப்பின நர்ஸுகளின் விலாசம் தேடிப்பிடித்து, நூற்றுக்கணக்கில் கைப்படக் கடிதம் எழுதினார். ஈமெயிலில் 'ரிப்ளை ஆல்' போடுவதற்கே கை வலிக்கிறது நமக்கு. பலன், 1908 ஆகஸ்டில் நியூயார்க்கில் 52 நர்ஸுகள் கூடினார்கள். எங்கே தெரியுமா? செயின்ட் மார்க்ஸ் மெதடிஸ்ட் சர்ச்சில்! கறுப்பினப் பட்டதாரி நர்ஸுகளுக்கான தேசிய சங்கம் அங்கே பிறந்தது. மார்த்தா ஃப்ராங்ளினுக்கும் ஆடா தாம்ஸ் என்கிற இன்னொரு நர்ஸுக்கும் மேரி பக்கபலம்.

அடுத்த வருஷம், 1909-ல், முதல் மாநாடு பாஸ்டனில். வரவேற்புரை மேரி மஹோனி. சங்கம் அவருக்கு ஆயுள் சந்தாவை இனாமாகக் கொடுத்தது. கூடவே ஒரு பதவி. தலைவர் இல்லை, பொருளாளர் இல்லை. சங்கத்தின் சாப்ளின். ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கி வைக்கவேண்டும். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு அவர்களின் கடமையை எடுத்துச் சொல்லிப் பதவியில் அமர்த்தவேண்டும். அறுபத்து நாலு வயசு அம்மாள், ஐந்தடிகூட இல்லாதவர், எதிரே நிற்கிற இளம் நர்ஸுகளை நிமிர்ந்து பார்த்துக் கடமையைச் சொல்கிற காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். சொல்வதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார் இருந்திருக்க முடியும்?

*

பிறகு 1911-ல், நாமெல்லாம் பி.எஃப். கணக்கை முடித்துக்கொண்டு ஈஸிசேரில் சாய்கிற வயசில், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் இருந்த ஹவர்ட் அநாதை இல்லத்தின் நிர்வாகியாகப் போனார். கறுப்பினக் குழந்தைகளுக்கான இல்லம். அடுத்த வருஷம் பாஸ்டன் திரும்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1920-ல் அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. பாஸ்டனில் ஓடிப்போய்ப் பெயரைப் பதிவு செய்துகொண்ட முதல் பெண்களில் ஒருவர் மேரி மஹோனி. வயசு 75! வெயிலாக இருக்கிறது, க்யூ நீளமாக இருக்கிறது என்று தேர்தல் லீவில் மத்தியானம்வரை தூங்குகிற இளைஞர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கலாம். (நானும்தான்.)

1923 வாக்கில் மார்பகப் புற்றுநோய். மூன்று வருஷம் போராடி, 1926 ஜனவரி 4-ம் தேதி, எண்பதாவது வயசில் காலமானார்.

அவர் போனதோடு கதை முடியவில்லை. அவர் சாப்ளினாக இருந்த சங்கம் விடாமல் முட்டிக்கொண்டிருந்தது. முதல் உலகப் போரில் கறுப்பின நர்ஸுகளை ராணுவம் சேர்க்கவே இல்லை. போர் முடிந்து, விஷக்காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போனபோது, 1918 டிசம்பரில் ஒரு 18 பேரைக் கூப்பிட்டது. இரண்டாம் உலகப் போரிலும் 'இத்தனை பேர்தான்' என்று கோட்டா வைத்தது. சங்கத்தின் மேபிள் ஸ்டாப்பர்ஸ் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்வரை போய்ப் போராடி, 1945-ல் அதை உடைத்தார்.

தாய்ச் சங்கத்திலும் இதே கதைதான். மாநிலச் சங்கம் வழியாகத்தான் மெம்பராகலாம் என்று விதி. தென் மாநிலச் சங்கங்களோ கறுப்பினத்தவரைச் சேர்க்காது. 1948-ல்தான், மாநிலத்தில் கதவு சாத்தியிருந்தால் நேராக வரலாம் என்று வழி திறந்தது. 1951-ல், 'இனி நமக்குத் தனிச் சங்கம் தேவையில்லை' என்று கறுப்பின நர்ஸுகள் தங்கள் சங்கத்தைத் தாங்களே கலைத்துவிட்டார்கள். தன் வேலை முடிந்ததும் மூடிக்கொண்ட சங்கத்தை நம் ஊரில் நான் பார்த்ததில்லை. 2022-ல் அமெரிக்கன் நர்ஸஸ் அசோஸியேஷன், கறுப்பின நர்ஸுகளுக்குத் தான் செய்த அநியாயத்துக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. லேட்தான். ஆனாலும் கேட்டது.

1936 முதல் மேரி மஹோனி பெயரில் ஒரு விருது கொடுத்துவருகிறார்கள். தான் மட்டும் நன்றாக வேலை பார்த்தால் அது கிடைக்காது. மற்றவர்களுக்கு வழி திறந்துவிட்டவர்களுக்குத்தான். அவர் வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரி பிற்காலத்தில் டிமாக் என்கிற பெயரில் ஏழை ஜனங்களுக்கான சுகாதார மையமாக மாறியது. வீடில்லாத குடும்பங்கள் தங்குவதற்காக அங்கே அமைத்த இல்லத்துக்கு வைத்த பெயர், மேரி எலைஸா மஹோனி இல்லம். பதினைந்து வருஷம் அவர் துடைத்த தரைக்குச் சொந்தமான ஆஸ்பத்திரியில் இப்போது அவர் பெயர்ப் பலகை.

*

லீவு முடிந்து ஆபீஸ் போன முதல் நாள், தையல் போட்ட இடத்தில் கை வைத்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்து, இரண்டாவது டிராயரை இழுத்தேன். பச்சை நாடாக் கட்டு பத்திரமாக இருந்தது. ஆபீஸ் அஸிஸ்டென்ட் பையன் டீ கொண்டு வந்தான்.

"இந்தாப்பா, தேடிப் பார்த்தேன். கிடைச்சுடுச்சு."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். நாடாவை அவிழ்த்து, மேலே இருந்த முதல் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். இத்தனை ஒழுங்காக அடுக்கிக் கட்டியிருக்கிற கட்டு தொலைந்துபோகிற கட்டு இல்லை என்பது பி.காம். படித்தவனுக்குத் தெரியாதா? ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. "தேங்க்ஸ் ஸார்" என்றான். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

"கணக்கு பேப்பர் கொஞ்சம் இழுக்கும். சாயங்காலம் அரை மணி நேரம் உட்காரு, சொல்லித் தரேன்" என்றேன்.

பக்கத்து ஸீட் நண்பர் காதோரம் குனிந்தார். "என்னய்யா பண்றே? அவன் பாஸ் பண்ணி, மேல மேல எழுதி, நாளைக்கு உனக்கே ஆபீஸரா வந்து உட்கார்ந்துட்டா?"

யோசித்துப் பார்த்தேன். வரட்டுமே. கேட்டவுடனே லீவு ஸாங்ஷன் பண்ணுகிற ஆபீஸர் ஒருத்தராவது நமக்கு வேண்டாமா?